முனிராஜுக்கு எடுத்த மூன்று ஸ்கேன்

சுவரை இடித்துத்தான் அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வெளியே எடுத்தார்கள். ஓசூரில் நான் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் புது இயந்திரம் வருகிறது, பழையதைக் கழற்றும்போது வந்து பாருங்கள் என்று போன மாதம் போன் செய்தார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறிப் போய் நின்றேன். அதற்கு முந்தைய நாளே குளிர்விக்கும் ஹீலியத்தை வெளியேற்றிக் காந்தத்தை அணைத்துவிட்டார்களாம். இத்தனை வருடத்தில் அன்றுதான் முதன்முறையாகக் கைப்பை, சாவிக்கொத்து, போன் எல்லாவற்றோடும் அந்த அறைக்குள் நடந்தேன். எதுவும் இழுக்கவில்லை. வெறும் அறையாக இருந்தது.

என்னிடம் வேலை பழகி, எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த கவிதா பக்கத்தில் நின்றிருந்தாள். புது இயந்திரத்தில் அரை மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும், எதையும் குறைக்க வேண்டியதே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க மட்டும் ஏன்க்கா, வெளிய எத்தனை பேர் உக்காந்திருந்தாலும் அந்தக் குறுக்கு டி-ஒன் படத்தை எடுக்காம விட மாட்டீங்க?"

கிரேன் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அமைதியாக இருந்திருந்தாலும் நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அத்தாவுக்குக் குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரமாக டயர் கடை. நாங்கள் மூன்று பெண்கள். மூத்தவளான நான் பிளஸ் டூ முடித்ததும் சேலத்தில் ரேடியாலஜி டிப்ளமோவில் சேர்த்துவிட்டார். நர்ஸ் படிப்பு என்று நினைத்துத்தான் சேர்த்தார் என்பது பின்னால் தெரிந்தது. படித்தேன், கிருஷ்ணகிரியில் எக்ஸ்-ரே எடுத்தேன், கல்யாணம் ஆனது, சி.டி. கற்றேன். ஓசூரில் எம்.ஆர்.ஐ. வந்தபோது பெங்களூருக்குப் பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம், இந்தக் காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கும் என்பது. மின்சாரம் போனாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், ஆள் இல்லாவிட்டாலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே எங்கள் வேலை படம் எடுப்பதில் தொடங்காது, கேள்வியில் தொடங்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, எலும்பில் பிளேட் உண்டா, தலையில் ஆபரேஷன் நடந்ததா என்று எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விகள்தான். ஓசூரில் கூடுதலாக ஒன்று. லேத், கிரைண்டிங், வெல்டிங் செய்கிறவரா? ஆமென்றால், கண்ணில் ஒன்றும் பட்டதில்லை என்று அவர் சத்தியமே செய்தாலும், முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்-ரே.

இந்த விதியை எங்களுக்கு வைத்தவர் டாக்டர் சுகுணா. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட். ஆரம்பத்தில் எனக்கு இது வீண் வேலையாகத்தான் பட்டது. ஒருநாள் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்த லேத் ஆபரேட்டர் ஒருவர் வந்தார். ஒரு பக்க முகம் இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் எதுவும் இல்லை, எக்ஸ்-ரே வேண்டாம், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று அடம்பிடித்தார். எடுத்துப் பார்த்தால் இடது கண்ணுக்குள் கடுகளவு வெள்ளைப் புள்ளி. இரும்புத் துகள். அவரால் நம்ப முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்த பிறகு, எட்டு வருடத்துக்கு முன்னால் கண்ணில் சுருக்கென்று ஏதோ பட்டதும், கம்பெனியில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு மறுபடி மிஷினுக்குப் போனதும் நினைவுக்கு வந்தது. அவரைக் காந்தத்துக்குள் அனுப்பியிருந்தால் அந்தத் துகள் அசைந்து கண்ணையே கிழித்திருக்கும். சி.டி.க்கு மாற்றி அனுப்பினோம். அதற்குப் பிறகு அந்த எக்ஸ்-ரேயை வீண் வேலை என்று நான் நினைத்ததில்லை.

டாக்டர் சுகுணா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆனேக்கல், மாலூர் பக்கத்து ஆட்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். எந்த மொழியிலும் குரல் உயராது. ரிப்போர்ட் அறையில் சுழல் நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் கவனம் சுற்றுகிறது என்று ஒரு மர நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். படம் பார்க்கும் முறையும் தனி. நோயாளியின் விவரப் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் படங்களை மட்டும் பார்ப்பார். கண்ணில் பட்டதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் படிவத்தைத் திருப்பிப் படிப்பார். படித்த பிறகு மறுபடி முதல் படத்திலிருந்து பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எழுந்து வெளியே போய் ஆளைப் பார்ப்பார். நடக்கச் சொல்வார், சட்டைப் பொத்தானைப் போடச் சொல்வார். படம் பார்க்கிற டாக்டர் ஆளைத் தேடி வருவதைப் பார்த்து மற்ற சென்டர்களிலிருந்து எங்களிடம் வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

அவருக்கு என் மேல் ஒரு குறை இருந்தது. படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் நான் பெரும்பாலும் ‘கம்பெனி’ என்று எழுதிவிடுவேன். ஓசூரில் யாரைக் கேட்டாலும் அதுதானே பதில். ஒருநாள் அப்படி ஒரு படிவத்தை மேஜை மேல் என் பக்கம் நகர்த்தி வைத்தார். "நூர், கம்பெனிங்கறது கட்டடம். அதுக்குள்ள இவரோட கை என்ன செய்யுதுன்னு எழுதும்மா."

சில மாதம் ஒழுங்காக எழுதினேன். கூட்டம் அதிகமான நாட்களில் பழையபடி ‘கம்பெனி’ வந்துவிட்டது.

கூட்டம் உண்மையாகவே அதிகம்தான். தர்மபுரி வரை எங்களிடம் வந்தார்கள். காலையில் வந்தவர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் சுகுணா மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்த ஒரு வாரத்தில் எங்கள் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. காத்திருக்கிறவர்கள் அவரிடம்தான் சண்டை போடுவார்கள். மூளை ஸ்கேனில் நேரத்தைக் குறைக்க எதை விடலாம் என்று கேட்டார்.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். மூளையை ஒரே படமாக எடுப்பதில்லை. ஒவ்வொரு விதமாக, ஒவ்வொரு திசையில் சீவியது போல, நாலைந்து வரிசைகளாக எடுக்கிறோம்; ஒவ்வொரு சீவலும் ஒரு வெட்டு. ஒரு வரிசையில் ரத்தக்குழாய் அடைப்பு பளிச்சென்று தெரியும், இன்னொன்றில் வீக்கம், இன்னொன்றில் பழைய தழும்பு. டி-ஒன் என்பது அவற்றில் ஒன்று. அதைப் பக்கவாட்டாக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் எடுப்போம். குறுக்காக எடுப்பதில் பெரும்பாலும் புதிதாக எதுவும் தெரிந்ததில்லை. நான் அதைச் சொன்னேன். "குறுக்கு டி-ஒன்னை விடலாம் சார்." நாலு நிமிடம் மிச்சம். நிர்வாகி நன்றி சொன்னார்.

திரும்பி வந்த டாக்டர் சுகுணாவுக்கு இது பிடிக்கவில்லை. வாதாடிப் பார்த்தார், வெளியே உட்கார்ந்திருந்த கூட்டத்தையும் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து சொன்னது இதுதான். "படம் எடுக்கறப்போ ஆளைப் பாக்கற ஒரே ஆளு நீதான். உனக்கு என்னமோ போல இருந்தா அதையும் எடுத்துடு. யாரையும் கேக்க வேண்டாம்."

முனிராஜ் முதல் தடவை வந்தது அதற்கு அடுத்த வருடம். முப்பத்தெட்டு வயது. சொந்த ஊர் மத்தூர் பக்கம். சின்னக் கம்பெனி ஒன்றில் வெல்டர். அவரை அழைத்து வந்த சூப்பர்வைசர்தான் எல்லாவற்றையும் சொன்னார். தடுமாறி விழுகிறார், காரணமில்லாமல் சிரிக்கிறார், கேட்டால் சரியாகப் பதில் இல்லை, குடிப்பழக்கம் உண்டு. முனிராஜ் ஒன்றும் பேசவில்லை. வெல்டர் என்பதால் கண்ணுக்கு எக்ஸ்-ரே எடுத்தேன், சுத்தமாக இருந்தது. பாதுகாப்புப் படிவத்தில் அதைக் குறித்தேன். ஆனால் டாக்டரிடம் போகிற விவரப் படிவத்தில் சூப்பர்வைசர் சொன்னதைத்தான் எழுதினேன். தலைச்சுற்றல், விழுதல், குடிப்பழக்கம். தொழில், கம்பெனி.

அன்று வெளியே பதினான்கு பேர். சுருக்கமாக எடுத்து முடித்தேன். அவர் படுக்கையிலிருந்து இறங்கி நடந்தபோது குதிகால் தரையில் படவில்லை. முன்பாதத்தை மட்டும் ஊன்றி, சுடுகிற தரையில் நடப்பவர் போல நடந்தார். கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அவ்வளவு பக்கத்தில் நின்றும் அவரிடமிருந்து எந்த வாடையும் வரவில்லை. அது என் மூக்குக்குத் தெரிந்தது. புத்திக்கு எட்டவில்லை. குடிகாரர் என்று ஒருவர் சொன்னதும் நானும் ஒரு குடிகாரரைத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் போனது. மூளையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை கூட வந்தது அவர் மனைவி மாதம்மாள். ஒல்லியான பெண், குரலில் நடுக்கம் இல்லை, எதையும் வரிசையாகச் சொல்லக்கூடியவர். ஓசூருக்கு வாரம் ஒருநாள் வரும் நரம்பு டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதியிருந்தார். முனிராஜின் முகம் அட்டையில் வரைந்தது போல ஆகியிருந்தது. கண் மட்டும் அசைந்தது. பேசினால் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்டது. அடிக்கடி ஒரு சிரிப்பு வந்து, முகத்தில் எங்கும் பரவாமல் நின்றது.

படிவத்தை நிரப்பும்போது மாதம்மாள் நடந்ததைச் சொன்னார். எங்கள் ரிப்போர்ட் வந்ததும், மூளையில் ஒன்றும் இல்லை என்று கம்பெனியில் அவரைத் திரும்ப வேலையில் சேர்த்திருக்கிறார்கள். ஐந்து மாதம் அதே வேலை. இரண்டு தடவை விழுந்திருக்கிறார். பிறகு, குடித்துவிட்டு வருகிறார் என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். குடிக்கவில்லை என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாதம்மாளின் அண்ணன்கள் அவரைக் குடி மறக்கவைக்கும் இடம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாற்பது நாள். வெளியே வந்தபோது இன்னும் மோசமாக இருந்தார்.

"காலையிலயும் பொழுது சாயறப்பயும் வாயை மோந்து பாப்பேங்க மேடம்," என்றார் மாதம்மாள். "ஒரு நாளும் வாடை வந்ததில்ல. ஆனா ரிப்போர்ட்டே நல்லாருக்குதுன்னு வந்துடுச்சே. அப்புறம் நான் அவுர நம்பறதா, பேப்பர நம்பறதா?"

அந்தப் பேப்பருக்கான படங்களை எடுத்தவள் நான். அவருக்கு அது தெரியாது.

முனிராஜால் அசையாமல் படுக்க முடியவில்லை. உள்ளே போனதும் கை நடுங்கியது, சிரிப்பு வந்தது, தலை ஆடியது, படமெல்லாம் கலங்கியது. இரண்டு முறை நிறுத்தினேன். மைக்கில் பேசிப் பார்த்தேன். பிறகு மாதம்மாளை உள்ளே உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. அவர் மெட்டியைக் கழற்றினார், கொண்டை ஊசியை எடுத்தார். தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றச் சொன்னபோது ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வந்துகொண்டே இருந்தன. காதுக்குப் பஞ்சு கொடுத்து, படுக்கையின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவர் கணவரின் இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டார். என்ன காரணமோ, ஆட்டம் அடங்கியது.

எல்லா வரிசையும் எடுத்தேன். கடைசியாகக் குறுக்கு டி-ஒன். திரையில் ஒவ்வொரு வெட்டாகக் கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. மூளையின் நடு ஆழத்தில், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில், புளியங்கொட்டை போல இரண்டு வெள்ளை. அந்த இடம் அந்த வரிசையில் சாம்பலாகத்தான் இருக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான மூளைகளைப் பார்த்தவளுக்கு எது இருக்கக் கூடாதது என்று தெரியும்.

டாக்டர் சுகுணா வந்து என் பின்னால் நின்று பார்த்தார். துண்டுச் சீட்டு எதுவும் எழுதவில்லை. "கல்லீரல் கெட்டுப் போனாலும் இப்படி வரும்," என்றார். "குடிக்கறவர்னு எழுதியிருந்தா எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. முதல்ல கல்லீரலைப் பாக்கணும்." பிறகு வெளியே போனார். நானும் போனேன்.

வராந்தாவில் முனிராஜை நடக்கச் சொன்னார். பின்பக்கமாக இரண்டு அடி வைக்கச் சொன்னதும் அவர் சாய்ந்தார், மாதம்மாள் தாங்கிப் பிடித்தார். டாக்டர் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, எதை வெல்டிங் செய்வீர்கள் என்று கேட்டார். முனிராஜ் உதட்டை அசைத்தார். டாக்டர் காதைக் கொடுத்தார்.

"டேங்க்கர் லாரிங்க. டேங்க்குக்குள்ள எறங்கி அடிக்கணும்."

எத்தனை வருடம்?

"பதினோரு வருசம்."

உள்ளே புகையை இழுக்க ஃபேன் ஏதாவது வைப்பார்களா என்று கேட்டார். ஃபேன் வெளியே இருக்கும் என்றார் முனிராஜ். அது சூப்பர்வைசர் உட்காரும் இடத்துக்கு.

டாக்டர் எழுந்து உள்ளே வந்து மர நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய படங்களை எடுக்கச் சொன்னார். அவற்றில் குறுக்கு டி-ஒன் இல்லை. பக்கவாட்டு வரிசை மட்டும் இருந்தது. அதில் வலப்பக்கம் ஒரு வெட்டு, இடப்பக்கம் ஒரு வெட்டு, இரண்டில் மட்டும் அதே இடத்தில் மங்கலான வெள்ளை. தேடினால்தான் தெரியும். தேட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் தேடியிருப்பார்கள்.

"அப்பவே இருந்திருக்கு," என்றார். பிறகு, "நான் பாக்கல நூர்."

"நான் எடுக்கல மேடம்," என்றேன்.

வெல்டிங் கம்பியிலும் இரும்பிலும் மாங்கனீசு என்ற உலோகம் இருக்கிறது. மூடிய இடத்தில் வருடக்கணக்காக அந்தப் புகையைச் சுவாசித்தால் அது ரத்தத்தோடு போய் மூளையில் அந்த இடத்தில் படிகிறது. கை கால்களின் அசைவை, நடையை, முகத்தின் உணர்ச்சியை நடத்துகிற இடம் அது. இதை டாக்டர் சுகுணா எனக்குச் சொல்லி முடித்தபோது நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். நாங்கள் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்த பிறகு அவர் ஐந்து மாதம் மறுபடி அந்த டேங்க்குக்குள் இறங்கியிருக்கிறார்.

ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இரண்டும் எடுக்க இரண்டு நாள் ஆனது. கல்லீரல் சுத்தமாக இருந்தது. நரம்பு டாக்டரோடு டாக்டர் சுகுணா போனில் வெகுநேரம் பேசினார். அதற்குப் பிறகு புது ரிப்போர்ட் எழுதினார். கூடவே, பழைய ரிப்போர்ட்டுக்குத் திருத்தம் ஒன்றும் எழுதினார். முதல் ஸ்கேனிலேயே இந்த மாற்றம் இருந்தது, கவனிக்கத் தவறிவிட்டேன் என்று இரண்டே வரி.

நிர்வாகி அதைப் படித்துவிட்டு ஓடி வந்தார். புதியதைச் சரியாகக் கொடுத்தால் போதாதா, பழையதை எதற்குக் கிளற வேண்டும், நாளைக்கு நம் மேலேயே கேஸ் போடுவார்களே என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. டாக்டர் சுகுணா குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பழசை வெச்சுத்தான் அவரைக் குடிகாரன்னு சொன்னாங்க. புதுசை மட்டும் குடுத்தா, நடுவுல குடிச்சுதான் இப்படி ஆச்சுன்னு சொல்லுவாங்க. இந்தத் திருத்தம் போயே ஆகணும்."

நான் என் மேஜைக்கு வந்தேன். என் மகள் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வேலை போனால் இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்து எழுதினேன். முதல் ஸ்கேனில் குறுக்கு டி-ஒன் எடுக்கப்படவில்லை. எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தது நான். அவர் நடையில் மாற்றம் இருந்ததைப் பார்த்தும் டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் வெல்டர் என்று எனக்குத் தெரியும், படிவத்தில் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் சுகுணா படித்தார். தன் திருத்தத்தோடு சேர்த்துப் பின் அடித்தார்.

மறுநாள் இருவரையும் வரச் சொல்லி, டாக்டரே மாதம்மாளிடம் சொன்னார். உங்கள் கணவர் குடிக்கவில்லை. இது புகையால் வந்த நோய். முதல் தடவையே தெரிந்திருக்க வேண்டியது, நாங்கள்தான் விட்டுவிட்டோம். மாத்திரையால் கொஞ்சம் தேறலாம், முழுசாகத் தேறும் என்று சொல்ல முடியாது.

மாதம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். பக்கத்தில் முனிராஜ் உட்கார்ந்திருந்தார். முகம் அப்படியேதான் இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கி, துடைக்கக் கை வராமல், தாடையில் நின்றது. மாதம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டார். அப்புறம் டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ நான் இவுர அடிச்சதுங்க மேடம்?"

அவர்கள் கிளம்பியபோது நான் வாசல் வரை கூடப் போனேன். முதல் படத்தை எடுத்தது நான்தான், அன்று ஒரு நாலு நிமிடம் கூடுதலாக எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், என்னை மன்னிக்க வேண்டும் என்று மாதம்மாளிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க படத்துல பாக்கலீங்க," என்றார். "நான் பக்கத்துலயே இருந்தேன்."

வேலை போகவில்லை. நிர்வாகி என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை, அவ்வளவுதான். குறுக்கு டி-ஒன் எல்லோருக்கும் திரும்ப வந்தது. அதற்காகக் கடைசி நோயாளிக்குப் பிறகும் நான் முக்கால் மணி நேரம் இருக்க வேண்டியிருந்தது, இருந்தேன். மாதம்மாள் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். விசாரணைக்கு டாக்டர் சுகுணா இரண்டு முறை போய்ச் சாட்சி சொன்னார், நான் ஒரு முறை. அது இழுத்துக்கொண்டே போனது. நான் ஓய்வு பெறும்வரை முடிவு தெரியவில்லை.

அதற்கெல்லாம் காத்திராமல் மாதம்மாள் வேறொரு வேலை செய்தார். கணவரோடு டேங்க்குக்குள் இறங்கிய மற்றவர்களின் வீடுகளைத் தேடிப் போயிருக்கிறார். ஒருநாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒருவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவர் வயதில் இளையவர், பேச்சு மட்டும் கொஞ்சம் குழறியது. அவர் படத்தில் அந்த இடத்தில் லேசான வெள்ளை இருந்தது. அவர் வெல்டிங்கை விட்டுவிட்டார். பேச்சு சரியாகிவிட்டது, இப்போது சூளகிரிப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார் என்று பின்னால் மாதம்மாளே சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அவர் சிரித்து நான் முதலில் பார்த்தேன்.

மூன்றாவது ஸ்கேன் ஒன்றரை வருடம் கழித்து. முனிராஜ் கைத்தாங்கலாக வந்தார். விழுவது குறைந்திருந்தது, குரல் அதே தாழ்ந்த குரல், நடை அதே முன்பாத நடை. இந்த முறை மாதம்மாள் ஊக்குகள் எதுவும் இல்லாமலே வந்திருந்தார். கேட்காமலே ஸ்டூலில் உட்கார்ந்து கணவரின் பாதங்களைப் பிடித்துக்கொண்டார்.

குறுக்கு டி-ஒன் திரையில் ஏறியது. நான் அந்த வெட்டு வரும்வரை காத்திருந்தேன். வந்தது. வெள்ளை இல்லை. மறுபடி எடுத்தேன். இல்லை. எல்லோருக்கும் இருப்பது போலச் சாம்பல்.

டாக்டர் சுகுணாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இது எதிர்பார்த்ததுதான். புகையை விட்டு விலகி வருடம் தாண்டினால் அந்த உலோகம் மெல்ல மெல்லக் கரைந்து போய்விடும், படத்தில் தெரியாது, ஆனால் அது கெடுத்த இடம் கெட்டதுதான் என்றார். அப்படியானால் முதல் ரிப்போர்ட்டுக்குப் பிறகு உடனே வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை வருடம் கழித்து இவர்கள் வந்திருந்தால்? அந்த இரண்டாவது படத்திலும் வெள்ளை தெரிந்திருக்காது, குடிகாரர் என்ற பெயரே நின்றிருக்கும். திரையில் இருந்த படத்தில் ஒரு குறையும் இல்லை. வெளியே பெஞ்சில் அந்தப் படத்துக்குரியவர் தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

மாதம்மாளிடம் நான்தான் சொன்னேன்.

"வெள்ளை போயிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

போய்விட்டது என்றேன்.

"அப்போ நல்லாயிடுவாரா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்றும் சொன்னேன். அவர் புது ரிப்போர்ட்டை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த ஆங்கில வரிகளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குது? மூளை நல்லாருக்குதுன்னா?"

அந்த வெள்ளை இப்போது தெரியவில்லை என்றும், முன்பு இருந்தது என்றும் டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னேன். மாதம்மாள் யோசித்தார். பிறகு ரிப்போர்ட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்கு வேணாம் மேடம். அந்த ரெண்டாவது படம் இருக்குதில்ல, வெள்ளை தெரியறது, அதையே இன்னொன்னு போட்டுக் குடுங்க. நாளைக்கு எம் புள்ளைங்ககிட்ட யாராச்சும் ஒங்கப்பன் குடிகாரன்னு சொன்னா, காட்டறதுக்கு எங்கிட்ட அது இருக்கணும்."

அந்த ஒரு வெட்டை மட்டும் முழு ஃபிலிமில் பெரிதாகப் போட்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு வெள்ளையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு உறையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, கணவரை எழுப்பி நிறுத்தினார்.